கண்டிப் பெருந்தெரு: அமைத்தவரும் உழைத்தவரும்

பெருவழி என்னும் சொல் தமிழில் தொன்மையானது. அதர், ஆறு, நெறி, வழி என்னும் சொற்கள் சங்கச் செய்யுட்களிற் பயின்று வருகின்றன. ஆற்றுப்படை என்னும் நூல்வகை வழி கூறுதலையே தன் அடிப்படையாகக் கொண்டது. கல்வெட்டுச் சான்றுகளும் உள. கோயம்புத்தூருக்கு அண்மையில் உள்ள இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டும், தருமபுரிப் பகுதியிற் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களும் அறிஞர் நன்கறிந்தவை. அதியமான் பெருவழிக் கற்களில் நாவற்றாவளம் என்னும் ஊருக்குள்ள தொலைவு காதக் கணக்கில் எழுத்தாற் பொறிக்கப்பட்டுள்ளது. எழுத்தறியாத வழிப்போக்கரும் அறியுமாறு சிறிதும் பெரிதுமான குழிகளாலும் அத்தொலைவு குறிக்கப்பட்டுள்ளது.

இக்கற்கள் அரசன் பெயரையும் வழியின் பெயரையும் தொலைவையும் கூறுகின்றன. காட்டை வெட்டியவர் யாவர், மண் சுமந்தவர் யாவர், அவர் பெற்றது யாது என்பவற்றைக் கூறவில்லை. இவ்வினாக்களுக்கு விடை காணத்தக்க சான்றுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கை வரலாற்றில் உள்ளன. ஆங்கிலேயர் ஆட்சியிற் கொழும்பிலிருந்து கண்டிக்கு அமைக்கப்பட்ட பெருந்தெருவும், அதனைத் தொடர்ந்து எழுந்த தெருக்களும் அரசாங்க ஏடுகளிலும் தன்வரலாற்று நூல்களிலும் விரிவாகப் பேசப்படுகின்றன. பொதுத் தெருவொன்றைத் தலைமை தாங்கி அமைத்தல் என்பது கல்லையும் மண்ணையும் வெல்லுந் திறன் மட்டுமன்று. யாருடைய கைகளால், எந்நிபந்தனையின் மேல், யார் நடத்தற்பொருட்டு அஃது அமைகின்றது என்னும் வினாவுக்கு விடை கூறுதலே அத்தலைமையின் உரைகல் ஆகும். இக்கருத்தை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வழியின்மையே அரணாக இருந்த நாடு

கண்டி அரசு மூன்று நூற்றாண்டுக்கு மேலாக ஐரோப்பியருக்கு அடங்காது நின்றமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று வழியின்மை. மலையும் காடும் ஆறும் சூழ்ந்த அந்நாட்டிற்கு அகன்ற வழிகள் வேண்டா என்பது அரசரின் கொள்கையாகவே இருந்தது. ஒருவர் பின் ஒருவராகச் செல்லத்தக்க ஒற்றையடிப் பாதைகளே இருந்தன. கணவாய்களில் முள்வேலியால் அமைந்த கடவைகளும் காவலரும் இருந்தனர். கொழும்புக்கு அண்மையிலுள்ள கடவத்தை என்னும் ஊர்ப்பெயர் அக்காவல் முறையை இன்றும் நினைவூட்டுகின்றது.

1803ஆம் ஆண்டிற் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலப் படை நோயினாலும் முற்றுகையாலும் நலிந்தது. மேஜர் டேவியின் தலைமையில் எஞ்சியிருந்தோர் பெரும்பாலும் அழிந்தனர். 1815 மார்ச்சு 2ஆம் நாள் உடன்படிக்கையாற் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆயினும், 1817-18இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்குதற்குப் பட்ட பாடு அவர்களுக்கு ஓர் உண்மையைத் தெளிவாக்கியது. படை விரைந்து செல்லத்தக்க வழி இல்லாத நாட்டை உடன்படிக்கை ஒன்றினால் மட்டும் ஆளுதல் இயலாது என்பதே அது. ஆகவே, கண்டித் தெரு முதற்கண் வணிகத்தின்பொருட்டன்று, ஆட்சியின்பொருட்டே எண்ணப்பட்டது என்பதை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கிளர்ச்சி அடங்கியபின் 1818 நவம்பர் 21ஆம் நாள் வெளியான பிரகடனம், பாதைகளையும் பாலங்களையும் அமைத்துச் செப்பனிடுதலைக் கூலியற்ற பொதுக்கடமையாக விதித்தது. தெரு தோன்றுமுன்னரே அதனை யார் அமைப்பது என்னும் வினாவுக்கு அரசு தன் முதல் விடையை எழுதிவிட்டது.

2. பார்ண்சும் இராசகாரியமும்

இப்பணிக்குத் தலைமை ஏற்றவர் சேர் எட்வேட் பார்ண்ஸ். வாட்டர்லூப் போரிற் பணியாற்றிய இப்படைத்தலைவர் 1820 முதல் 1822 வரை பதிற்கடமை புரிந்தும், 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்தும் இலங்கையை ஆண்டார். இந்நாட்டுக்கு முதலில் வேண்டுவதும், அடுத்து வேண்டுவதும், அதற்கடுத்து வேண்டுவதும் தெருக்களே என்னும் கருத்துடைய கூற்றொன்று அவர் பெயரால் வழங்கி வருகின்றது. அவர் செயலும் அக்கூற்றுக்கு இயைந்ததே. கொழும்பிலிருந்து 72 மைல் தொலைவிலுள்ள கண்டிக்கு வண்டி செல்லத்தக்க தெரு அவர் காலத்திலேயே உருவாயிற்று.

பொறியியல் நோக்கில் இஃது அரிய செயல் என்பதில் ஐயமில்லை. அம்பேபுசைக்கு அப்பால் நிலம் உயர்ந்து செல்கின்றது. கடுகண்ணாவைக் கணவாயிற் செங்குத்தான மலைச்சரிவை வளைந்து வளைந்து ஏறல் வேண்டியிருந்தது. அங்கே பாறையைக் குடைந்து தெரு கொண்டு செல்லப்பட்டது. மலையைத் துளைத்து வருபவனுக்கே கண்டி அடங்கும் என்னும் பழங்கதையொன்று அக்குடைவோடு சேர்த்துக் கூறப்படுகின்றது. இவ்வேலையை வகுத்து நடத்திய தலைவன் டோசன் 1829இல் இறந்தார். 1832இற் கணவாயின் உச்சியில் அவர் நினைவாக எழுப்பப்பட்ட உயர்ந்த கோபுரம் இன்றும் நிற்கின்றது. பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே முதிரை மரத்தால் அமைந்த பாலம் 1833இல் முற்றுப்பெற்றது. நடுவிற் றூண் இன்றி 205 அடி நீளத்திற்கு ஒரே வளைவாக நின்ற அப்பாலம் 1905 வரை பயன்பட்டது. 1832இற் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே அஞ்சல் வண்டியும் ஓடத் தொடங்கியது.

இனி, இவ்வேலை யாராற் செய்யப்பட்டது என்பதைக் காண்போம். கண்டி அரசர் காலத்தில் நிலம் பெற்று வாழ்ந்த குடிகள் அந்நிலத்துக்கு ஈடாக அரசனுக்குச் சில பணிகளைச் செய்தல் வேண்டும். இம்முறை இராசகாரியம் எனப்பட்டது. பணியின் வகை நிலத்தையும் குலத்தையும் பொறுத்தது; அதன் அளவு வழக்கத்தால் வரையறுக்கப்பட்டது. குளங்கட்டுதல், கோயிற்றிருப்பணி, அரண்மனை வேலை போன்றவை அவ்வழக்கினுள் அடங்கும். ஆங்கிலேயர் அரசன் இருந்த இடத்தில் தம்மை இருத்திக்கொண்டு அவ்வுரிமையையும் தமதாக்கினர். ஆயின் வழக்கத்தின் வரையறையை அவர்கள் பேணவில்லை. விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் குடிகள் வயலை விட்டுத் தெருவேலைக்கு அழைக்கப்பட்டனர். பழைய முறையிற் குளங்கட்டிய குடிக்கு அக்குளத்து நீர் பயன்பட்டது. புதிய முறையில் தெருவமைத்த குடி, தன்னை அடக்க வரும் படைக்கே வழி வகுத்தது. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறாயிற்று.

பார்ண்சின் சார்பாக ஒன்று கூறுதல் வேண்டும். அக்காலத்து வருவாய் நிலையிற் கூலி கொடுத்து அத்துணைப் பெரிய வேலையைச் செய்தல் எளிதன்று. தெரு இல்லாத நாளில் அரசின் பொருள்களைத் தலைச்சுமையாகவும் தோட்சுமையாகவும் கொண்டு சென்றவரும் இதே குடிகளே. வண்டித்தெரு அச்சுமையைக் குறைத்தது. இவை உண்மையே. ஆயினும், செலவு இல்லை என்று கணக்கிடப்பட்ட வேலையின் செலவைக் குடிகளின் வயல்கள் ஏற்றன என்பதும் உண்மை. அரசின் கணக்கேட்டில் அச்செலவு இடம்பெறவில்லை, அவ்வளவே.

3. இராசகாரியத்தின் ஒழிவு

1829இல் இலங்கைக்கு வந்த கோல்புறூக்கும், அவரைத் தொடர்ந்து வந்த கமரனும் ஆட்சிமுறையை ஆராய்ந்து அறிக்கை அளித்தனர். கட்டாய உழைப்பைக் கோல்புறூக் கடுமையாகக் கண்டித்தார். பார்ண்ஸ் அதனை நீக்குதலை எதிர்த்தார். அம்முறை இன்றேற் பொதுவேலைகள் நின்றுவிடும் என்பது அவர் கொள்கை. முடிவில் 1832ஆம் ஆண்டு இராசகாரியம் சட்டத்தால் நீக்கப்பட்டது.

இதனை அருளின் வெற்றி என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. உழைப்பு சந்தையில் விலைக்குக் கிடைக்கும் பொருளாதல் வேண்டும் என்னும் அக்காலப் பொருளியற் கொள்கையும், வரவிருந்த தோட்ட முதலாளிகளின் தேவையும் அதன் பின்னணியில் இருந்தன. ஆயினும் குடிகளுக்கு அது விடுதலையே என்பதை மறுத்தல் இயலாது.

பார்ண்ஸ் அஞ்சியது ஓரளவு நிகழ்ந்தது. கண்டிக் குடிகள் கூலிக்குத் தெருவேலை செய்ய முன்வரவில்லை. இதனை அவர்தம் சோம்பல் என்று அக்கால ஆங்கிலேயர் பலர் எழுதினர். இக்கூற்று ஆராயத்தக்கது. சொந்த வயலும் ஊரும் உடையவன், தன் விதைப்பை விட்டு, நேற்றுவரை கட்டாயத்தாற் செய்த அதே வேலையை இன்று சிறு கூலிக்குச் செய்ய மறுத்தான். அம்மறுப்பிற் சோம்பலைக் காண்பதற்கு எவ்விதக் காரணமும் இல்லை. தனக்குக் கிடைத்த உரிமையை அவன் பயன்படுத்தினான் என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

4. ஸ்கின்னரும் தெருப்படையும்

இந்நிலையில் தெருத்துறையின் தலைமை, தோமஸ் ஸ்கின்னர் என்பவரை வந்தடைந்தது. 1804இற் பிறந்த இவர் இளம்பருவத்திலேயே இலங்கைக்கு வந்து படையிற் சேர்ந்தார். 1820இற் கண்டித் தெருவின் ஒரு பகுதியை அமைக்குமாறு பார்ண்ஸ் இவருக்குக் கட்டளையிட்டபோது இவருக்கு வயது ஏறத்தாழப் பதினாறு. தெருவமைத்தலில் எவ்விதப் பயிற்சியும் இல்லை. இவரிடம் ஒப்படைக்கப்பட்ட குடிகளுக்கும் இல்லை. செய்தே கற்றல் வேண்டும் என்னும் அந்நிலையில் தொடங்கிய இவர், பின்னர் நில அளவைக் கருவிகளின் பயனைத் தாமே பயின்று, மலைநாட்டின் பெரும்பகுதியைக் கால்நடையாகச் சுற்றி அளந்தார். 1841இற் றெருக்களுக்கு ஆணையாளராக அமர்ந்தார். 1867இல் ஓய்வு பெற்றபோது நாட்டில் ஏறத்தாழ 3,000 மைல் தெருக்கள் அமைந்திருந்தன. 1891இல் வெளிவந்த ‘இலங்கையில் ஐம்பது ஆண்டுகள்’ என்னும் இவருடைய தன்வரலாறு இத்துறையில் முதன்மையான சான்றாகும்.

ஸ்கின்னரின் தலைமையில் நாம் காணும் சிறப்பு, அலுவலகத்திலிருந்து ஆணையிடாமல் வேலைக்களத்தில் வாழ்ந்தமை. மழையிலும் காய்ச்சலிலும் வேலையாட்களோடு காட்டில் தங்கினார். ஊர் மக்களின் இயல்பையும் தேவையையும் நேரில் அறிந்தார்.

இவருக்குக் கிடைத்த வேலைப்படையே நமது ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. கண்டிக் குடிகள் விலகிய இடத்தைத் தென்னிந்தியாவிலிருந்து கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் நிரப்பினர். ‘பயனியர்’ எனப்பட்ட தெருப்படையிற் றமிழர் பெரும்பகுதியினராக இருந்தனர். மலைநாட்டுத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கோப்பித் தோட்டத்திலிருந்தே தொடங்குகின்றனர். தோட்டங்களுக்கு முன்னரும் தோட்டங்களோடும் தெருக்களிலே தமிழர் உழைத்தனர் என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. தெரு இன்றேற் கோப்பி துறைமுகம் சேர்தல் இல்லை; கோப்பி இன்றேற் பின்வந்த தேயிலைக்கும் இரயில் வண்டிக்கும் இடமில்லை. ஆகவே, மலைநாட்டின் பொருளியல் மாற்றத்தில் அவர் பங்கு அடித்தளமானது.

5. அமைக்கப்படாத வழி

இனி நமது பொருளின் வருந்தத்தக்க பகுதிக்கு வருகின்றோம். கோப்பி சென்ற வழியும் அதனைப் பறித்தவர் வந்த வழியும் வேறு வேறு. மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து புறப்பட்டவர்கள் கரையோரத் துறைகளில் தோணியேறி மன்னாரை அடைந்தனர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். இந்நாளில் ஏ14, ஏ9 என எண்ணிடப்பட்டுள்ள தெருக்கள் பெரும்பாலும் அவ்வழியையே தழுவிச் செல்கின்றன. கங்காணி ஒருவன் முன்செல்ல, ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளும் கூட்டங் கூட்டமாகச் சென்றனர். நீரற்ற வறண்ட காடு, தங்குமிடம் அரிது, காய்ச்சலும் வாந்திபேதியும் மலிந்திருந்தன. இறந்தவர் தொகை பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. இறப்பு மிகுதியாக இருந்தது என்பதில் வேறுபாடில்லை.

கொழும்புத் தெருவின் கல்லும் பாலமும் ஆண்டுதோறும் கவனிக்கப்பட்ட காலத்தில், இவ்வழியிற் கிணறும் மடமும் மருத்துவமும் நெடுங்காலம் போதியன அல்ல. 1858இற் குடிவரவுத் தொழிலாளர்க்கென ஆணைக்குழு அமைந்த பின்னரே அரசு இதில் ஓரளவு முறையாகத் தலையிட்டது. தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே இரயிற் கப்பல் ஓடத் தொடங்கியது 1914ஆம் ஆண்டில். வேலைத்திறன் இல்லாமையாற் றோன்றிய குறை அன்று இது. கடுகண்ணாவைப் பாறையைக் குடைந்த ஆட்சிக்குச் சமநிலத்திற் கிணறு தோண்டுதல் அரிதன்று. எவ்வழி முன்னர் அமைதல் வேண்டும் என்னும் தேர்விலே, நடப்பவனைவிடச் சரக்கு முந்திற்று. ‘கண்டிச் சீமை’ என்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வழங்கிய சொல்லில் ஆசையோடு அச்சமும் கலந்திருந்தமைக்கு இவ்வழியே காரணமாதல் கூடும். மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்துள்ளனர். அவற்றை இந்நோக்கில் ஆராய்தல் பயன்தரும்.

6. 1848: பழைய வினாவும் புதிய விடையும்

கோப்பி விலை வீழ்ச்சியால் 1840களின் பிற்பகுதியில் அரசின் வருவாய் குன்றியது. தேசாதிபதி தொரிங்டன் துப்பாக்கி, நாய், கடை முதலியவற்றின்மேற் புதிய வரிகளை விதித்தார். அவற்றோடு 1848ஆம் ஆண்டுத் தெருச் சட்டம் வந்தது. பருவமடைந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும். அன்றேல் அதற்கு ஈடாகப் பணம் செலுத்துதல் வேண்டும் என்பது அதன் சாரம். பதினாறாண்டுக்கு முன் நீக்கப்பட்ட கடமை வேறு பெயரில் மீண்டது எனக் குடிகள் கருதினர். பிக்குகளையும் இச்சட்டம் முதலில் விலக்கவில்லை. ஆகவே சமய உணர்ச்சியும் புண்பட்டது. பணமுடையவன் பணம் செலுத்தித் தப்ப, பணமற்றவன் மண் சுமத்தல் வேண்டியதாயிற்று. அத்தெருக்களாற் பெரும்பயன் பெற்றவர் தோட்டக்காரர் என்பதும் யாவரும் கண்டதே.

1848 சூலையில் மாத்தளைப் பகுதியில் கிளர்ச்சி எழுந்தது. படைச்சட்டம் பிறந்தது, புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார், பிக்கு ஒருவரும் காவியுடையோடு சுடப்பட்டார். இக்கொடுமை பற்றி இங்கிலாந்துப் பாராளுமன்றம் விசாரணை நடத்தியது. 1850இற் றொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். தெருச்சட்டம் ஒன்றே கிளர்ச்சிக்குக் காரணமென நாம் கூறவில்லை. நிலம் பறிபோனமையும் பிறவரிகளும் காரணங்களே. எனினும், தெருவமைக்கும் கைகள் யாருடையவை என்னும் வினா மூன்றாம் முறையாக எழுந்தபோது அரசு முதல் விடைக்கே திரும்பியது என்பது தெளிவு.

அவ்விசாரணையை ஒட்டி ஸ்கின்னர் 1849இல் அளித்த கருத்துரை நினைவிற் கொள்ளத்தக்கது. நாட்டுக் குடிகளின் நிலை ஆங்கிலேயர் ஆட்சியிற் றாழ்வுற்றதென அவர் எடுத்துரைத்தார். சாராயக் குத்தகையினால் ஊர்கள்தோறும் குடி பரவியமையையும், அதிகாரிகள் மக்கள்மொழி அறியாமல் ஆண்டமையையும் குறைகூறினார். தாம் அமைத்த தெருக்கள் வழியே தவறணையும் சென்றதை அவர் கண்டிருந்தார். தம் வாழ்நாட் பணியின் விளைவை இவ்வாறு நேர்மையோடு நோக்கிய தலைவர் அக்கால ஆட்சியாளருள் மிகச் சிலரே. அவரை நாம் மதித்தற்கு 3,000 மைல் தெருக்களைவிட இந்நேர்மை வலிய காரணமாகும்.

முடிவுரை

1867ஆம் ஆண்டில் ஸ்கின்னர் ஓய்வு பெற்றார். அவ்வாண்டிலேயே இரயில் வண்டி கண்டியை அடைந்தது. பெருந்தெருவின் முதற்காலம் அத்துடன் முடிந்தது எனலாம். மேற்கண்டவற்றாற் பெறப்படும் முடிபுகள் மூன்று. கல்லும் மலையும் எழுப்பிய தடைகள் ஒருமுறை வெல்லப்பட்டு அடங்கின. உழைப்புப் பற்றிய வினாவோ 1818, 1832, 1848 என மீண்டும் மீண்டும் எழுந்தது என்பது ஒன்று. கட்டாயத்தால் மலிவாகத் தோன்றிய வேலை, குடிகளின் வயலிலும் பின்னர்க் கிளர்ச்சியிலும் தன் விலையைப் பெற்றது என்பது மற்றொன்று. தலைமையின் தகுதி அமைத்த வழியால் மட்டுமன்றி, அமைக்காமல் விட்ட வழியாலும் அளக்கப்படல் வேண்டும் என்பது மூன்றாவது.

கடுகண்ணாவையில் டோசனுக்குக் கோபுரம் உண்டு. பார்ண்சின் சிலையிலிருந்து இலங்கைத் தெருக்களின் தொலைவை அளக்கும் வழக்கமும் ஏற்பட்டது. தெருப்படையிற் பணியாற்றிய தமிழர்க்கும், இராசகாரியத்தால் அழைக்கப்பட்ட கண்டிக் குடிகளுக்கும், மன்னார் வழியில் மாண்டவர்க்கும் அத்தகைய நினைவுக் குறிகள் அமையவில்லை. எழுத்தறியாத வழிப்போக்கனையும் எண்ணிக் குழி பொறித்த அதியமான் பெருவழிக் கல்லின் மரபை அறிந்தோர், இவ்விடைவெளியை நிரப்பக் கடமைப்பட்டவராவர். மன்னார் முதல் மாத்தளை வரையுள்ள ஊர்ப்பெயர்கள், மடங்கள், கிணறுகள், வாய்மொழி வழக்குகள் ஆகியன முறையாகத் தொகுக்கப்படல் வேண்டும். அவற்றை நினைவிற் கொண்டோர் ஆண்டுதோறும் அருகி வருதலால், இப்பணியைக் காலந் தாழ்த்துதல் தகாது.